டீக்கன் வேலைன்னா என்ன? வடசென்னையில எங்ககிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

வியாசர்பாடி பக்கம் எங்க சபை, சின்னது தான், ஞாயித்துக்கிழமை நூறு நூத்திருவது பேர் வருவாங்க. நான் அங்க 11 வருஷமா டீக்கனா இருக்கேன், பொழப்புக்கு ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை. தெருவுல, ஆஸ்பத்திரி வாசல்ல, ரேஷன் கடை க்யூல ஜனங்க கேக்குறதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சா புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கும் உதவும்னு எழுதுறேன். சபைக்கு சபை முறை மாறும், நான் சொல்றது பெரும்பாலும் எங்க சபை வழக்கம்.

டீக்கன்னா பாஸ்டருக்கு அசிஸ்டென்ட்டா?

இல்லீங்க. கஷ்டத்துல இருக்குறவங்களை சபை பேர்ல போய் பாத்து உதவுறது தான் எங்க வேலை. பாஸ்டர் கூடவே போயிட்டு வர்றவர்னு தான் நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க. தியாகொனோஸ்னு ஒரு கிரேக்க வார்த்தை, ஊழியக்காரன், பந்தியில பரிமாறுறவன்னு அர்த்தம், அதுலேர்ந்து தான் டீக்கன்ங்கிற பேரு வந்துச்சு. நம்ம பழைய தமிழ் பைபிள்ல உதவிக்காரர்னு இருக்கும். கத்தோலிக்கத்துல திருத்தொண்டர்னு சொல்வாங்க, அங்க சாமியாரா பட்டம் வாங்குறவங்க எல்லாரும் மொதல்ல திருத்தொண்டரா இருந்துட்டு தான் போவாங்க, அது இல்லாம கல்யாணம் ஆன ஆம்பளைங்க கடைசி வரைக்கும் திருத்தொண்டராவே இருக்கலாம்ங்கிற பழைய வழக்கத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் 1967-ல போப் ஆறாம் பவுல் திரும்ப நடைமுறைக்கு கொண்டு வந்தாரு. அவங்க ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் நடத்தி வைக்கலாம், ஆனா பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம் கேக்க முடியாது. சிஎஸ்ஐ-லயும், அதாவது தென்னிந்திய திருச்சபையிலயும், டீக்கன் பட்டம்ங்கிறது ஆயர், அதாவது பாஸ்டர், ஆகுறதுக்கு முன்னாடி வர்ற படி.

பாப்டிஸ்ட் மாதிரி சபைங்கள்ல ஜனங்களே கூடி தங்களுக்குள்ள சில பேரை டீக்கனா தேர்ந்தெடுப்பாங்க. எங்களதும் அப்படித்தான். சம்பளம் கிடையாது. எங்கள்ல ஒருத்தர் ஆட்டோ ஓட்டுறார், ஒருத்தர் ரிட்டயர்ட் ஸ்டாஃப் நர்ஸ்.

இந்த பொறுப்பு எப்படி வந்துச்சு?

ஒரு புகார்லேர்ந்து வந்துச்சு. இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்தை எடுத்து படிங்க. எருசலேம்ல மொத சபை, தினமும் விதவைங்களுக்கு சாப்பாடு பங்கீடு நடக்குது, அதுல கிரேக்க பாஷை பேசுற விதவைங்க மட்டும் விடுபட்டு போறாங்க, அந்த பக்கத்து ஜனங்க முறுமுறுக்குறாங்க. அப்போஸ்தலருங்க அவங்களை அதட்டி உக்கார வைக்கல, நல்ல சாட்சி உள்ள ஏழு பேரை நீங்களே பாத்து எடுங்க, இந்த வேலையை அவங்ககிட்ட ஒப்படைக்கிறோம்னு சொன்னாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. இந்த ஏழு பேரையும் நல்லா பாருங்க, ஏழும் கிரேக்க பேரு. அப்படின்னா எந்த பக்கம் விடுபட்டு போச்சோ அந்த பக்கத்து ஆளுங்க கையிலயே கரண்டியை கொடுத்திருக்காங்கன்னு தான் நான் படிக்கிறேன்.

இது புரிஞ்ச அப்புறம் தான் எங்க சபையில ஆள் எடுக்குற முறையே மாறுச்சு. முன்னாடி கொஞ்சம் வசதி உள்ளவங்க, இங்கிலீஷ் தெரிஞ்சவங்க தான் டீக்கனா வருவாங்க. இப்ப ஹவுசிங் போர்டு பிளாக்ல இருந்து நாலு வீட்ல வேலை செய்யுற ஒரு அக்கா டீக்கனா இருக்காங்க, எந்த வீட்ல அடுப்பு எரியலன்னு அவங்களுக்கு தெரியுற மாதிரி எங்க யாருக்கும் தெரியாது.

சரி, வாரா வாரம் என்ன தான் செய்வீங்க?

எங்ககிட்ட ஒரு நோட்டு இருக்கு, கோடு போட்ட சாதாரண நீள நோட்டு. இப்ப அதுல 34 பேரு பேர் இருக்கு. செவ்வாக்கிழமை சாயங்காலம் ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு வீடு பாக்க போவோம், தனியா போக மாட்டோம், அது எங்க சட்டம். போன ஒடனே ஜெபம் பண்றதில்ல, மொதல்ல உக்காந்து பேசுவோம், மாத்திரை இருக்கா, கரண்ட் பில் கட்டியாச்சா, பையன் ஸ்கூலுக்கு போறானான்னு கேப்போம், அவங்க கேட்டா கடைசியில ஜெபம்.

நெறைய நேரம் போறது டிபி பேஷண்ட்டுங்களுக்கு தான். நம்ம ஏரியாவுல ஒரே ரூம்ல ஆறு பேர், ஜன்னல் கிடையாது, ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களுக்கும் வர்றதுக்கு வழி இருக்கு. மருந்து கவர்மென்ட்ல ஃப்ரீ, சாதாரண டிபின்னா ஆறு மாசம் விடாம போடணும். பிரச்சனை என்னன்னா ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடும், உடம்பு தேறிடும், மாத்திரை போட்டா வயிறு பிரட்டுதுன்னு நிறுத்திடுவாங்க, மூட்டை தூக்குற ஆளுன்னா காலையில நாலு மணிக்கே கெளம்பணும்ல. அப்படி பாதியில விட்டா கிருமி மருந்துக்கு அடங்காம போயிடும், அப்புறம் வைத்தியம் ரொம்ப கஷ்டம். அதனால ஒரு டீக்கன் ஆறு மாசத்துக்கு ஒரு ஆளை எடுத்துக்குவாரு, தெனம் ஒரு போன், அவ்ளோ தான். டிபி பேஷண்ட்டுக்கு சத்துணவுக்குன்னு மத்திய அரசு மாசம் 500 ரூபா கொடுத்துட்டு இருந்தது 2024 நவம்பர்லேர்ந்து 1000 ஆச்சு, பேங்க் அக்கவுன்ட்டுக்கு வரும், ஆனா அக்கவுன்ட்டே இல்லாதவங்க இருக்காங்க, அதை தொறந்து கொடுக்குறதும் எங்க வேலை. ஒரு தடவ ஒரு அண்ணனை ஓட்டேரி நெஞ்சக ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக மூணு நாள் அவர் வீட்டு வாசப்படியிலயே உக்காந்திருந்தோம், நாலாவது நாள் அவரே சட்டையை மாட்டிட்டு வந்தாரு.

சர்டிபிகேட், பென்ஷன் வேலையெல்லாம் சபை ஏன் பாக்கணும்?

விதவைங்க பங்கீட்டுல விடுபட்டு போனதை பாக்க வந்தவங்க தானே நாங்க, இன்னிக்கு பங்கீடு எங்க நடக்குதோ அங்க போய் தான் பாக்கணும். முதியோர் உதவித்தொகை 2023-லேர்ந்து மாசம் 1200 ரூபா, ஆதரவற்ற விதவைங்களுக்கும் அதே. எங்க சபையால மாசா மாசம் ஒரு பாட்டிக்கு 1200 கொடுக்க முடியுமா? முடியாது. ஆனா ஒரு நாள் லீவு போட்டு பாட்டியை இ-சேவை மையத்துக்கு கூட்டிட்டு போனா, ஆதார்ல இருக்குற தப்பை திருத்தி கொடுத்தா, பாட்டி உயிரோட இருக்குற வரைக்கும் அது வரும். கைரேகை தேஞ்சு போயி மெஷின் எடுக்காதவங்க, வீட்டுக்காரர் இறப்பு சான்றிதழ் வாங்காமலே இருபது வருஷம் ஓட்டினவங்க, இவங்க தான் விடுபட்டு போறவங்க.

இன்னொன்னும் சொல்லணும், நம்ம பசங்க காலேஜ் சேரும்போது அழுதுட்டு வர்ற விஷயம். 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி எஸ்சி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் இருந்துச்சு, 1956-ல சீக்கியருக்கும் 1990-ல பௌத்தருக்கும் சேத்தாங்க, கிறிஸ்தவங்களுக்கு இல்ல. அதனால ஆதிதிராவிடரா இருந்து கிறிஸ்தவங்க ஆனவங்களுக்கு தமிழ்நாட்டுல பிசி சர்டிபிகேட் தான் கெடைக்கும். எதிர் வீட்டு இந்து பையனும் நம்ம பையனும் ஒரே தெரு, ரெண்டு பேரையும் ஊர் ஒரே மாதிரி தான் ஒதுக்கி வைக்குது, ஸ்காலர்ஷிப் மட்டும் வேற. இது அநியாயம்னு நான் மனசார நம்புறேன். அது மாறுற வரைக்கும் பிசி ஸ்காலர்ஷிப் தேதி, முதல் பட்டதாரி சான்றிதழ் தேதி ரெண்டையும் பிளஸ் டூ பரீட்சை முடியுறதுக்கு முன்னாடியே வீட்டு வீட்டுக்கு சொல்லிட்டு வர்றோம்.

கிறிஸ்தவங்களுக்கு மட்டும் தானா? மதம் மாத்துறதுக்கு தானே இதெல்லாம்?

நோட்டுல இருக்குற 34 பேர்ல பாதிக்கு மேல நம்ம சபைக்காரங்க கிடையாது. ரெண்டு முஸ்லிம் குடும்பம் இருக்கு. அரிசிப் பைக்குள்ள துண்டுப்பிரசுரம் வைக்கக்கூடாது, உதவி வாங்குனவங்களை ஆராதனைக்கு வாங்கன்னு கூப்பிடக்கூடாது, இது எழுதி ஒட்டியிருக்குற முறை. பசியில இருக்குறவன் கிட்ட நீ என்ன நம்புறேன்னு கேட்டா அவன் நெஜமான பதில் சொல்ல முடியாது, சாப்பாட்டுக்காக தலையாட்டுவான், அது அவனுக்கும் அவமானம் ஆண்டவருக்கும் அவமானம். என் விசுவாசத்தை நான் மறைக்க மாட்டேன், ஏன் வர்றீங்கன்னு கேட்டா இயேசு சாமிக்காகன்னு தான் சொல்வேன், அதோட நிறுத்திக்குவேன்.

பணம் எங்கேர்ந்து வருது?

மூணு வழி. ஒன்னு, திருவிருந்து நடக்குற ஞாயித்துக்கிழமை எடுக்குற ஏழைகள் காணிக்கை, அதை வேற எதுக்கும் தொடக்கூடாது, கூரை ஒழுகினாலும் தொடக்கூடாது. ரெண்டாவது பிடியரிசி, அம்மாங்க தெனம் ஒலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை தனியா ஒரு டப்பாவுல போட்டு மாசக் கடைசியில கொண்டு வருவாங்க, எங்க ஆயா காலத்துலேர்ந்து வர்ற வழக்கம், இப்பவும் மாசம் நாப்பது அம்பது கிலோ சேருது. மூணாவது அறுப்பின் பண்டிகை ஏலம், ஜனங்க காணிக்கையா கொண்டு வர்ற பொருளை ஏலம் விடுறது.

ஃபாரின்லேர்ந்து பணம் வருதான்னு கேப்பாங்க. வரல, வாங்கவும் மாட்டோம். வெளிநாட்டு நன்கொடை வாங்கணும்னா எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவு வேணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லியில ஸ்டேட் பேங்க்கோட ஒரே ஒரு கிளையில தான் அந்த பணம் வந்து இறங்கணும், எங்களை மாதிரி சின்ன சபைக்கு அதெல்லாம் தோதுப்படாது. துபாய்ல இருக்குற நம்ம தம்பி ஒருத்தன் இந்தியா பாஸ்போர்ட் தான் வெச்சிருக்கான், அவன் தன் சம்பளத்துலேர்ந்து பேங்க் வழியா அனுப்புறது இந்த கணக்குல வராதுன்னு ஆடிட்டர் கிட்ட கேட்டு தெரிஞ்சுகிட்டு தான் வாங்குனோம்.

கணக்கு மாசா மாசம் சபை செவுத்துல ஒட்டுவோம். அரிசிக்கு எவ்ளோ, மருந்துக்கு எவ்ளோன்னு இருக்கும், வாங்குனவங்க பேரு இருக்காது.

அவசரத்துக்கு கைமாத்தா பணம் கொடுப்பீங்களா?

கடனா கொடுக்க மாட்டோம். டீக்கன் கிட்ட கடன் வாங்குனவரு அடுத்த வாரம் ஆராதனைக்கு வர வெக்கப்பட்டு நின்னுடுவாரு, நாங்க பாத்திருக்கோம். கொடுக்க முடிஞ்சா கொடுத்துட்டு மறந்துடுவோம், முடியலன்னா முடியலன்னு நேரா சொல்லிடுவோம்.

தண்டல் விஷயம் தனி. காலையில ஒம்பதாயிரம் கையில கொடுத்து நூறு நாள் தெனம் நூறு ரூபா வசூல் பண்றது இங்க மார்க்கெட்ல சாதாரணம், மழை பேஞ்சு கடை போடாத நாளும் நூறு ரூபா நிக்கும், அதை அடைக்க இன்னொரு தண்டல். தடைக்காலத்துல இது ஏறிடும், ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் காசிமேட்டுல விசைப்படகு கடலுக்கு போகாது, போட்டுக்காரங்க மட்டுமில்ல, ஐஸ் உடைக்கிறவங்க, கூடை தூக்குறவங்க, மீன் வெட்டிக் கொடுக்குற அம்மாங்க எல்லாருக்கும் வருமானம் நின்னுடும். அதனால எங்க சேமிப்பு அரிசியில பெரும்பங்கு மே மாசத்துக்குன்னு ஒதுக்கிடுவோம். மீட்டர் வட்டி, கந்து வட்டி வாங்குறதுக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003-லயே சட்டம் இருக்கு, வீட்டு வாசல்ல வந்து மெரட்டுனா போலீஸ்ல புகார் கொடுக்கலாம், கூட நாங்க வருவோம்.

மழை வெள்ளத்துல உங்க வேலை என்ன?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப சபை ஹால் மொத மாடியில நாலு நாள் அறுவது பேருக்கு மேல தங்குனாங்க, கீழ இடுப்பளவு தண்ணி. சமைக்கிறதுக்கு ஆளும் அரிசியும் இருந்துச்சு, கேஸ் தான் இல்ல. ரெண்டாவது நாளே ஒன்னு புரிஞ்சுச்சு, சாப்பாட்டு வண்டி, படகெல்லாம் மெயின் ரோடு வரைக்கும் தான் வருது, உள் சந்துல படுத்த படுக்கையா இருக்குறவங்க கிட்ட யாரும் போகல. அந்த நோட்டு அப்ப தான் உயிர் காப்பாத்துச்சு, யார் வீட்ல சுகர் பேஷண்ட், யாருக்கு இன்சுலின், யார் தனியா இருக்காங்கன்னு ஏற்கெனவே எழுதி இருந்துச்சு, பசங்க டிரம்மை கட்டி மெதக்க விட்டு அந்த வீடுங்களுக்கு போனாங்க.

அதே வாரம் எண்ணூர் பக்கம் மழைத்தண்ணியோட எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆத்து முகத்துவாரம் முழுக்க படிஞ்சுது, படகு, வலை, கரை எல்லாம் கருப்பு. நாங்க அங்க சாப்பாடு கொண்டு போனோம். படகு, வலை நஷ்டம் பத்தி எல்லாரும் பேசுனாங்க, பேச வேண்டியது தான். ஆனா தண்ணியில எறங்கி கையாலயே இறால் தடவி புடிக்கிற பொம்பளைங்க இருக்காங்க, அவங்ககிட்ட காட்டுறதுக்கு படகும் இல்ல வலையும் இல்ல, கையில புண்ணு தான் இருந்துச்சு. எங்க நர்ஸ் அக்கா ரெண்டு நாள் உக்காந்து அவங்க பேரை தனியா எழுதி, ஊர் பெரியவங்க கையில கொடுத்து, இந்த பேருங்களையும் சேத்து நிவாரணம் கேளுங்கன்னு சொல்லிட்டு வந்தாங்க.

பொம்பளைங்க டீக்கன் ஆகலாமா?

எங்க சபையில ஆகலாம், ஏழு பேர்ல மூணு பேர் பெண்கள். ரோமர் 16-ம் அதிகாரத்துல கெங்கிரேயா சபைக்கு ஊழியக்காரியான பெபேயாள்னு பவுல் எழுதுறாரு, அங்கயும் அதே கிரேக்க வார்த்தை தான். ஜெர்மனியில கைசர்ஸ்வெர்த்ங்கிற ஊர்ல 1836-ல டீக்கனஸ் அம்மாங்களுக்கு நர்சிங் கத்துக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்க போய் தான் பயிற்சி எடுத்தாங்க. ஒத்துக்காத சபைங்களும் உண்டு, அவங்களோட நான் சண்டைக்கு போகல. ஆனா அடி வாங்குன ஒரு தங்கச்சி கதவை தொறந்து ராத்திரி பத்து மணிக்கு யார்கிட்ட சொல்லுவா? என்கிட்டயா சொல்லுவா? 181, பெண்கள் உதவி நம்பர், அதுக்கு போன் பண்ணவே பயப்படுற பொண்ணு அக்காங்க கிட்ட தான் வாயை தொறக்குது.

ஒரு குழந்தை தனக்கு நடந்த தப்பை டீக்கன் கிட்ட சொன்னா, சபைக்குள்ளயே பேசி தீப்பீங்களா?

மாட்டோம். குழந்தைங்களை பாலியல் கொடுமையிலேர்ந்து காப்பாத்துற 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறைச்சா அதுவே குத்தம். செஞ்சது சபைக்காரரா இருந்தாலும், பாஸ்டரா இருந்தாலும், டீக்கனா இருந்தாலும் அன்னிக்கே 1098 குழந்தைங்க உதவி நம்பருக்கோ போலீசுக்கோ சொல்லிடுவோம். சபை பேரு கெட்டுடும்னு யாராவது சொன்னா அந்த வார்த்தையை நான் காதுல வாங்குறதில்ல.

குடிக்கிறவங்களுக்கு?

வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க ஹாலை குடியை விட்டவங்க கூடுற கூட்டத்துக்கு ஃப்ரீயா விடுறோம். நாங்க உள்ள போறதில்ல. டீ மட்டும் போட்டு வெச்சிட்டு வந்துடுவோம்.

சாவு வீட்ல?

இதுல தான் டீக்கனை எல்லாரும் தேடுவாங்க. ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, பெட்டி, குழி வெட்டுற கூலி, எல்லாம் ஒரே நாள்ல வேணும், அழுதுட்டு இருக்குற வீட்ல யார் கிட்டயும் காசு இருக்காது, தண்டல்காரங்க அன்னிக்கும் வருவாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இறந்தா 155377-க்கு போன் பண்ணா இலவச அமரர் ஊர்தி கெடைக்கும், இது தெரியாம ஆம்புலன்சுக்கு ஆயிரக்கணக்குல கொடுத்தவங்க உண்டு. எங்க சபையில ஒரு பெட்டிக்கான பணம் எப்பவும் தனியா இருக்கும். யாருக்குமே சொந்தக்காரங்க இல்லாம ஒரு தாத்தா இறந்தப்ப காசிமேடு கல்லறைத் தோட்டத்துல நாங்க பதினாலு பேரு நின்னோம், அதுல ஆறு பேருக்கு தாத்தா பேரே அன்னிக்கு தான் தெரியும்.

உங்க கையில தப்பு நடந்திருக்கா?

நடந்திருக்கு. 2020 லாக்டவுன்ல ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் தெருவை தகரம் போட்டு அடைச்ச நேரம், அரிசி மூட்டை கொடுக்கும்போது நான் போட்டோ எடுத்தேன். கொடுத்தவங்களுக்கு கணக்கு காட்டணும்ல, அதுக்கு தான் எடுத்தேன், சபை வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அதுல ஒரு அம்மா, முன்னாடி இட்லி கடை வெச்சு தெருவுல பாதி பேருக்கு கடனுக்கு சாப்பாடு போட்டவங்க. போட்டோ அவங்க சம்பந்தி வீடு வரைக்கும் போயிடுச்சு. அடுத்த மாசம் அவங்க வாங்க வரல, நான் வீட்டுக்கு போனேன், கதவை தொறந்து, "தம்பி, அரிசி இருக்கு, நீ போ"ன்னு சொன்னாங்க. அரிசி இல்லன்னு பக்கத்து வீட்ல கேட்டு தெரிஞ்சுது. கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டேன், மன்னிச்சாங்க, ஆனா அரிசி வாங்க ஆறு மாசம் ஆச்சு. அன்னிலேர்ந்து எங்க சபையில கொடுக்குற எடத்துல போன் வெளிய எடுக்கக்கூடாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல தான் மூட்டை போகும், சாதாரண மளிகைக் கடை பையில போகும்.

நான் டீக்கன் ஆகணும்னா என்ன தகுதி வேணும்?

1 தீமோத்தேயு 3-ம் அதிகாரத்துல இருக்கு, இருநாக்கு உள்ளவங்களா இருக்கக்கூடாது, குடிக்கு அடிமையா இருக்கக்கூடாது, இழிவான ஆதாயத்துக்கு ஆசைப்படக்கூடாது. எல்லாத்தையும் விட அந்த இருநாக்கு தான் எங்க வேலையில முக்கியம், ஒரு வீட்ல கேட்டதை இன்னொரு வீட்ல சொன்னா அதோட முடிஞ்சுது. மொதல்ல ஒரு வருஷம் சும்மா கூட வாங்க, செவ்வாக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு. பேசாம உக்காந்து கேக்க முடியுதான்னு பாருங்க.

பொறுப்பு எப்ப முடியும்?

எங்க சபையில மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஜனங்க கூடி மறுபடியும் கேப்பாங்க. அடுத்த கூட்டத்துல நான் எறங்குறேன்னு சொல்லிட்டேன், நோட்டு ஹவுசிங் போர்டு அக்கா கைக்கு போகுது. போன வாரம் அவங்களோட உக்காந்து பக்கம் பக்கமா பாத்துட்டு வந்தோம், கடைசி பக்கத்தை மட்டும் எப்பவும் பென்சில்ல தான் எழுதுவோம், இன்னும் நாங்க போய் பாக்காதவங்களுக்குன்னு ஒதுக்குன பக்கம் அது. அக்கா என் கையிலேர்ந்து பென்சிலை வாங்கி ஒரு வரி எழுதுனாங்க: "மூணாவது பிளாக், மாடிப்படிக்கு கீழ, ஒரு பாட்டி, பேர் கேக்கணும்."